மூன்றாம் எண் பெட்டி

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தெர்மாமீட்டர் மிஸ். தலைவலி என்று போனாலும் சரி, கால் சுளுக்கு என்று நொண்டிக்கொண்டு போனாலும் சரி, முதலில் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுத்தான் மறுபேச்சு. வாயால் சொல்வதை நம்புகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. கணக்குத் தேர்வன்று மட்டும் வருகிற வயிற்றுவலிகளுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தாள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ஒரே பருவத்தில் ஏழு முறை வயிறு வலித்திருந்தது, ஏழும் செவ்வாய்க்கிழமை. எட்டாவது செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் அம்மாவை வரவழைத்து, நோட்டைத் திருப்பிக் காட்டி, அப்புறம்தான் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள்.

பள்ளிக்கூட நர்ஸுக்குச் சந்தேகம் கொஞ்சம் வேண்டியதுதான். விழுந்த பிள்ளை "ஒண்ணுமில்ல மிஸ்" என்று சொன்னால் நம்பி அனுப்பிவிட முடியாது. தலையில் அடிபட்டதா, வாந்தி வந்ததா, கண் மங்குகிறதா என்று துருவித் துருவிக் கேட்கத்தான் வேண்டும். அப்படிக் கேட்டே இரண்டு பிள்ளைகளை அவள் காப்பாற்றியிருக்கிறாள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு அது அவளுக்குக் குணமாகவே ஊறிப்போயிருந்தது. பஞ்சு குறைந்தால் சந்தேகம், கத்தரிக்கோல் இடம் மாறினால் சந்தேகம், யாராவது வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்து வணக்கம் சொன்னால் அதற்கும் சந்தேகம். வீட்டில் அவள் கணவர் மளிகைக் கடையிலிருந்து வந்ததும் பையைத் தானே கொட்டிக் காட்டிவிடுவார். கேள்விக்குக் காத்திருப்பதைவிட அது சுலபம் என்பது பதினாறு வருட அனுபவம்.

பள்ளியில் ஆறு முதலுதவிப் பெட்டிகள். ஒன்றாம் எண் அவள் அறையில், இரண்டாம் எண் ஆய்வுக்கூடத்தில், மூன்றாம் எண் விளையாட்டு மைதானத்துச் சாமான் கொட்டகையின் சுவரில். மற்றவை மாடியிலும் உணவுக்கூடத்திலும் பேருந்து நிற்கிற வாசலிலும். இளைப்பு வருகிற பிள்ளைகளுக்கான நீல இன்ஹேலர், டாக்டர் சொன்னபடி, இரண்டு பெட்டிகளில் மட்டும் இருக்கும்: அவள் அறையில் ஒன்று, பிள்ளைகள் ஓடியாடுகிற மைதானத்தில் ஒன்று. எது எங்கே இருக்க வேண்டியது என்று தெரிவதற்காக அடியில் பெட்டியின் எண்ணை மார்க்கரால் எழுதி வைத்திருந்தாள்.

பெட்டிகளுக்குப் பூட்டுப் போடக் கூடாது என்பது விதி. ஆபத்து நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இந்த விதி அவளுக்கு நெஞ்சில் தைத்த முள். பூட்டில்லாத பெட்டியில் யார் கை வேண்டுமானாலும் நுழையுமே. அதற்கு அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் தேதியும் சின்னதாகத் தன் கையெழுத்தும் போட்டுவிடுவாள். அவசரத்துக்கு இழுத்தால் கிழிந்துவிடும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் யாரும் திறக்க முடியாது.

வெள்ளிக்கிழமைதோறும் ஆறு பெட்டிகளையும் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணி, அந்தந்தப் பெட்டியின் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இன்னொரு விதி. அட்டைகள் அவள் மேசையில் இருந்தன. பிளாஸ்திரி வந்த பிறகு அவள் வெள்ளிக்கிழமைகளில் ஒரு சுற்று நடந்து, அது கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். கிழியவில்லை என்றால் யாரும் தொடவில்லை. யாரும் தொடவில்லை என்றால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. பிறகு எதற்குத் திறந்து எண்ணுவது? அறைக்குத் திரும்பி ஆறு கையெழுத்தும் போட்டு முடிப்பாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஐந்தாம் வகுப்புக்கு விளையாட்டு. தொடர் ஓட்டப் பயிற்சி. இளைப்பு உள்ள பெண் ஒருத்தி தன் சுற்றை ஓடி முடித்துவிட்டு, கையில் பிடித்த கோலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. உடற்பயிற்சி ஆசிரியர், பிள்ளைகள் பாஷையில் விசில் சார், ஓடிப்போய் மூன்றாம் எண் பெட்டியைத் திறந்தார். பஞ்சு இருந்தது, கட்டுத்துணி இருந்தது, இன்ஹேலர் இல்லை. பெட்டியில் இருந்ததையெல்லாம் தரையில் கொட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்கக் கடந்து, இரண்டு மாடி ஏறி நர்ஸ் அறைக்கு வருவதற்குள் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

தெர்மாமீட்டர் மிஸ் அன்றைக்குத் தெர்மாமீட்டரைத் தொடவில்லை. பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒன்றாம் எண் இன்ஹேலரைக் குலுக்கி, விட்டு விட்டு மருந்தைக் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த வேலையில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. பெண் பிழைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் லேட்டாயிருந்தா" என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்து, பெண்ணின் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம்.

அந்த அப்பா மறுநாள் காலையில் தலைமையாசிரியைக்குப் போன் செய்தார். கத்தவில்லை. "கிரவுண்டுல எப்பவும் ஒண்ணு இருக்கும்னு சேர்க்கும்போது எழுதிக் குடுத்தீங்க. நேத்து அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்" என்றார். கத்தியிருந்தால்கூடத் தலைமையாசிரியைக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

உடனே நர்ஸை அழைத்தார். "வெள்ளிக்கிழமை உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்." அட்டையை நீட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு நேராகக் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"அப்ப அதுக்கப்புறம் யாரோ எடுத்திருக்காங்க."

"ஆமா மேடம்."

"பொறுப்பில்லாத ஒருத்தர் நம்ம நடுவுல இருக்காங்க. அது யாரா இருந்தாலும் நாளையில இருந்து இங்க இருக்கக் கூடாது. அந்த அப்பாகிட்ட நான் அதையாவது சொல்லணும். உங்களால கண்டுபிடிக்க முடியுமா?"

இந்தக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லையே என்று இத்தனை வருடம் காத்திருந்தவள் மாதிரி அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் மேடம்."

வெள்ளிக்கிழமை மாலைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் மைதானப் பக்கம் போனவர்கள் இரண்டே பேர். சனிக்கிழமை காலையில் பந்துப் பயிற்சி கொடுத்த விசில் சார். அன்று பகலில் கொட்டகையைக் கழுவிவிட்ட துப்புரவு அக்கா. நர்ஸ் முதலில் விசில் சாரைப் பிடித்தாள்.

"பெட்டியைத் தொறக்கும்போது பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சா சார்?"

"இருந்துச்சு மிஸ். நான்தான் கிழிச்சேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"கிழிச்சேன்னுதான் சொல்றேனே."

"கிழிச்ச துண்டு எங்க?"

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். "குழந்தை மூச்சுக்குத் தவிக்குது. நான் துண்டைப் பத்திரப்படுத்திட்டா நிப்பேன்?"

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அவள் கணக்கு இப்படிப் போனது: வெள்ளிக்கிழமை பிளாஸ்திரி முழுசாக இருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள், ஆகவே இன்ஹேலர் உள்ளே இருந்தது. திங்கட்கிழமையும் பிளாஸ்திரி முழுசாக இருந்தது என்று இவர் சொல்கிறார். அப்படியென்றால் இன்ஹேலர் என்ன, ஆவியாகவா போயிற்று? ஆக, இந்த மனிதர் பொய் சொல்கிறார். ஒன்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு யாரையாவது காப்பாற்றச் சொல்ல வேண்டும். கணக்கில் தப்பே இல்லை, முதல் வரியைத் தவிர. முதல் வரி அவளுடையது என்பதால் அதை அவள் சரிபார்க்கவில்லை.

அடுத்துத் துப்புரவு அக்கா. ஐம்பது வயதுக்காரி, பதினோரு வருடமாக இந்தப் பள்ளியில் இருப்பவள், அதிகம் பேசாதவள். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை கொட்டகையைக் கழுவினீங்களா அக்கா?"

"கழுவினேன் மிஸ்."

"பெட்டியைத் தொட்டீங்களா?"

"தூசியா இருந்துச்சு, மேல துடைச்சு விட்டேன்."

"தொறந்தீங்களா?"

"அதை நான் எதுக்குத் தொறக்கப் போறேன்?" துடைப்பதை நிறுத்தாமலேதான் சொன்னாள். ஆனால் வாளித் தண்ணீரை அந்த நேரம் பார்த்து மாற்றப் போனாள். தண்ணீர் இன்னும் அழுக்காகவே ஆகியிருக்கவில்லை என்பதை நர்ஸ் கவனித்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. போன வருடம் ஒரு நாள் இதே அக்கா அறையைப் பெருக்க வந்தபோது, மேசை மேலிருந்த இன்ஹேலரைக் காட்டி, "இந்தப் பம்பு சின்னக் குழந்தைக்கும் கேக்குமா மிஸ்?" என்று கேட்டிருந்தாள். மகள் வயிற்றுப் பேரனுக்கு இளைப்பு என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு அதை நர்ஸ் காதில் வாங்கி மனதில் போட்டு வைத்திருந்தாள்; அவள் மனதில் போட்டது எதுவும் தொலையாது.

மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் விசில் சாரும் அக்காவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் தூண் மறைவிலிருந்து வெளிப்பட்டதும் பேச்சு நின்றது. விசில் சார் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது. போதாதா அவளுக்கு? உண்மையில், ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்தாலே எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதும், எதற்காக நிறுத்துகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

இரண்டு மணிக்கு அக்கா மாடிக் கழிவறைகளைக் கழுவப் போவாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் துடைப்பங்கள் வைக்கிற சின்ன அறைக்குள் நுழைந்தாள். ஆணியில் அக்காவின் துணிப்பை தொங்கியது. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உள்ளே கைவிட்டாள். மாற்றுத் துணி, காலி டிபன் டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு. அடியில், கைக்குட்டையில் சுற்றி, நீல இன்ஹேலர்.

அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டுமே. அடியைத் திருப்பிப் பார்த்தாள், மூன்று என்ற எண் இல்லை. ஒரு கணம் யோசித்தாள், ஒரே ஒரு கணம். அந்த எண்ணை அக்கா ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருப்பாள் என்று அவளே அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டாள். இன்ஹேலரைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தலைமையாசிரியை அதைப் பழுப்பு உறையில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "பாவம், பதினோரு வருஷம்" என்றார். பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மாவைப் பையோட வரச் சொல்லிடறேன். அந்த அப்பா முன்னாடியே முடிச்சிடலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவள் விடவில்லை. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, கணவரிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல் அயர்ந்து தூங்கினாள்.

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஓவிய டீச்சர் வந்து கதவைத் தட்டினார். ஏழாம் வகுப்பைப் பூங்காவுக்குப் படம் வரைய அழைத்துப் போகிறார்களாம். வெளியே போகும்போது கொண்டுபோகிற முதலுதவித் தோள்பை வேண்டும். அந்தப் பை நர்ஸ் அறைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும். விளையாட்டு விழாவுக்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை.

எண்ணாமல் எதையும் அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. பையை மேசையில் கவிழ்த்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கட்டுத்துணி நாலு. பஞ்சு ஒரு சுருள். கையுறை இரண்டு ஜோடி. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். பட்டியலில் இல்லாத ஒன்று உருண்டு வந்து அவள் உள்ளங்கையில் நின்றது. நீல நிறம். அடியில் அவள் கையெழுத்தில், அவள் மார்க்கரில், மூன்று.

"எல்லாம் சரியா இருக்கா மிஸ்?" என்றார் ஓவிய டீச்சர்.

"சரியா இருக்கு" என்றாள். கையை மூடிக்கொண்டு பையைக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போதுதான் ஞாபகம் வந்தது. விளையாட்டு விழாவின் கடைசி ஓட்டங்கள் பள்ளிக்கு வெளியே பெரிய மைதானத்தில் நடந்தன. தோள்பையில் இன்ஹேலர் கிடையாது என்பதால் மூன்றாம் எண் பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள், வேறு யாருமல்ல, அவளேதான். அன்று மாலை திரும்பி வந்து பெட்டியில் குறைந்திருந்த பஞ்சையும் கட்டுத்துணியையும் நிரப்பினாள். களைப்பு. இன்ஹேலரை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. அதை மறந்தே போனாள். யாரும் கைவைக்கக் கூடாதே என்று பிளாஸ்திரியை மட்டும் மறக்காமல் ஒட்டினாள்.

மணி ஒன்பதரை. மூளை வழக்கம்போல வேலை செய்ய ஆரம்பித்தது. இன்ஹேலர் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று சொல்லிவிட்டால்? சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. அக்கா தப்பித்துவிடுவாள். தானும் தப்பித்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. கோட்டுப் பையில் இன்ஹேலரைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வேகமாக நடந்தாள். ஓடினால் யாராவது பார்ப்பார்கள்.

கொட்டகையில் ஆளில்லை. இடைவெளியைப் பார்க்கக் குனிந்தாள். இன்ஹேலர் அதில் நிற்குமா என்று அளவு பார்த்தவளின் கண்ணில் வேறொன்று பட்டது. பெட்டியின் அடிப்பக்கம், நின்றபடி பார்த்தால் தெரியாத இடத்தில், பாதி கிழிந்த வெள்ளைப் பிளாஸ்திரி தொங்கிக்கொண்டிருந்தது. விசில் சார் இழுத்த வேகத்தில் மூடிப்பக்கம் விட்டுவந்து, கீழ்ப்பக்கம் ஒட்டியபடியே நின்றிருக்கிறது. பிரித்தெடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. விளையாட்டு விழா நடந்த தேதி. ஆறு வாரம் ஆகிவிட்டது.

அந்த மனிதர் பொய் சொல்லவே இல்லை. அந்தப் பெட்டியை ஆறு வாரமாக ஒருத்தரும் திறக்கவில்லை. திறக்க வேண்டிய ஒருத்தியும் திறக்கவில்லை.

பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறையில் பெண்ணின் அப்பா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு இரவு தூங்காத கண். விசில் சார் சன்னலோரம் நின்றார். துப்புரவு அக்கா கதவருகில், வேலையிலிருந்து அப்படியே வந்தவள், ஈரக் கையோடு, தோளில் துணிப்பையோடு. பையோடு ஏன் வரச் சொன்னார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"யார் எடுத்ததுன்னு தெரிஞ்சுபோச்சு சார்" என்று தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்." நர்ஸின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கோட்டுப் பையிலிருந்து மூன்றாம் எண் இன்ஹேலரை எடுத்து மேசையில் வைத்தாள். "கெடச்சிருச்சு. யாரும் எடுக்கல. பெட்டிக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு."

தலைமையாசிரியையின் கை இழுப்பறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பா இன்ஹேலரை எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்ப அது அங்கேயேதான் இருந்துச்சா சார்? நீங்க பாக்கலையா?"

இதை நர்ஸ் யோசிக்கவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்று போட்ட கணக்கில் விசில் சார் என்று ஒருவர் விட்டுப்போயிருந்தார்.

விசில் சார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உள்ள இருந்ததெல்லாம் கொட்டிப் பாத்தேன் சார். பின்னாடி... பின்னாடி பாக்கல. கை நடுங்கிட்டிருந்துச்சு. பாத்திருக்கணும்."

"ரெண்டு நிமிஷம்னு டாக்டர் சொன்னார்."

"என் தப்புதான் சார்" என்றார் விசில் சார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இல்லாத இடத்தில் தேடவில்லை என்று ஒரு மனிதர் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறார். நாற்பத்துமூன்று வயதில் அவள் உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். இப்படித் தன்னையே சந்தேகப்பட ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

தலைமையாசிரியை குழம்பிப்போய் உறையை வெளியே எடுத்தார். "அப்படின்னா இது யாரோடது?" என்று மேசையில் சரித்தார். இரண்டாவது நீல இன்ஹேலர் உருண்டு வந்தது.

"மேடம், அது எங்களுது" என்றாள் துப்புரவு அக்கா. ஒரு அடி முன்னால் வந்தாள். "பேரனுது. காலையில பொண்ணு எங்கிட்டக் குடுப்பா, சாயங்காலம் காப்பகத்துல இருந்து அவனை நான்தான கூட்டிட்டுப் போவேன். நேத்துப் பையில காணோம். வழியில எங்கயோ விட்டுட்டேன்னு பொண்ணு என்னைத் திட்டித் தீத்துட்டா. ராத்திரி அவனுக்கு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். விடியக்காலையிலதான் மூச்சு நெதானத்துக்கு வந்துச்சு." இன்ஹேலரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இது எப்படி இங்க வந்துச்சு மேடம்?"

தலைமையாசிரியை நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள். "ரெண்டையும் நான்தான் எடுத்தேன்."

பிறகு நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி ஒரு பொய் வந்துவிடும் என்ற பயத்தில். "அக்காவோடதை நேத்து அவங்க பையில இருந்து எடுத்தேன். கேக்காம எடுத்தேன். மூணாம் நம்பரை விளையாட்டு விழா அன்னைக்குப் பெட்டியில இருந்து எடுத்தேன், திருப்பி வைக்கல. பின்னாடி விழுந்து கெடந்துச்சுன்னு சொன்னது பொய். சார் ஒழுங்காத்தான் தேடினார். அங்க இருந்தாத்தான அவருக்குக் கிடைக்கும்."

கோட்டுப் பையில் கைவிட்டுப் பிளாஸ்திரியை எடுத்தாள். மேசையில் வைக்கப் போனால் அது விரலைவிட்டு வரமாட்டேன் என்றது. மறு கையால் பிரித்தால் அந்தக் கையில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அப்பாவே அவள் விரலிலிருந்து அதை உரித்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் படித்தார். மேசையில் நேற்றிலிருந்து கிடந்த பெட்டி அட்டையை இழுத்து, அந்தத் தேதிக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக இறங்கினார். ஒவ்வொரு கையெழுத்திலும் விரல் ஒரு கணம் நின்றது.

"ஆறு" என்றார்.

"வெள்ளிக்கிழமை இருந்துச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்களே மிஸ்" என்றார் தலைமையாசிரியை.

"பிளாஸ்திரி இருந்துச்சு மேடம். நான் பாத்தது அதை மட்டும்தான்."

அப்பா எழுந்தார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் விசில் சாரிடம் போய், "நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நர்ஸ் பக்கம் திரும்பவே இல்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "இனி என்ன செய்யப் போறீங்கன்னு எழுத்துல குடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரா இருந்தாலும் நாளையில இருந்து இங்க இருக்கக் கூடாது என்று நேற்றுச் சொன்னதைத் தலைமையாசிரியை திரும்பச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மேசையில் இன்னும் அந்த இரண்டு இன்ஹேலர்களும் கிடந்தன. நர்ஸ் எண் இல்லாததை எடுத்துக்கொண்டு துப்புரவு அக்காவிடம் போய் நீட்டினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவ்வளவு சின்னதாக இருந்தது.

அக்கா கையை நீட்டவில்லை. "கையெல்லாம் பினாயில் மிஸ். பிள்ளை வாயில வைக்கிறது" என்றாள். தோளிலிருந்து பையை இறக்கி, முழங்கையால் அதன் வாயை விரித்துப் பிடித்தாள். "உள்ளயே வெச்சிருங்க. அடியில கைக்குட்டை இருக்கும். உங்களுக்குத்தான் இடம் தெரியுமே."

நர்ஸ் அந்தப் பைக்குள் இரண்டாவது முறையாகக் கைவிட்டாள். இந்த முறை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.